நாற்பத்தேழாம் எண் ரத்தம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை. கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற சாலையில் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு, ஐஸ் பெட்டி, ஊசி, பஞ்சு, கண்ணாடிக் குழாய்கள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து ஆட்கள் பத்தடி தள்ளி நின்று என்னை வேடிக்கை பார்த்தார்களே தவிர, ஒருவரும் கிட்ட வரவில்லை.

நான் உத்தமபாளையத்துப் பெண். அப்போது உயிர்வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். பூச்சி மருந்து தெளிப்பவர்கள், அதைக் கலக்குபவர்கள் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட நொதி எவ்வளவு குறைகிறது என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. மருந்தின் விஷம் உடம்பில் ஏற ஏற அந்த நொதி இறங்கும். மருந்தடிக்கிற பருவத்தில் ஒரு தடவை, அது ஓய்ந்த பிறகு ஒரு தடவை என்று அதே ஆட்களிடம் இரண்டு முறை ரத்தம் எடுக்க வேண்டும். கேட்பதற்கு இது சாதாரணமாகத் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடம் போய் ரத்தம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது ஓர் அக்கா. நாற்பது வயது இருக்கலாம். தண்ணீர் சுமந்து வந்து டிரம்மில் மருந்து கலக்குவது அவர் வேலை. ஆடிக் காற்றில் என் படிவங்கள் பறந்தபோது ஓடிப் பிடித்து, ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தவரும் அவர்தான். பிறகு திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "ஏலே, கொசுக்கடிக்குப் பயந்தவகளா நீங்க? நம்ம பாளையத்துப் புள்ள, இம்புட்டுத் தூரம் பெட்டியத் தூக்கிட்டு வந்திருக்கு. வெரசா வாங்கலே" என்று ஒரு சத்தம் போட்டார். போட்டுவிட்டுத் தானே முதல் ஆளாக வந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள்.

வேறு தோட்டங்களில் ஏற்கெனவே நாற்பத்தாறு பேர் முடிந்திருந்தார்கள். அதனால் அவருடைய குழாயில் நாற்பத்தேழு என்று எழுதி ஒட்டினேன்.

"எம்பேர எழுத மாட்டியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, யாரு ரத்தம்னு வெளிய தெரியக் கூடாது. நம்பர் மட்டுந்தான்."

"அது சரி, ஜெயில்ல குடுக்குற மாதிரி" என்று சிரித்தார். சிரிக்கும்போது மூக்குத்தி மினுங்கியது. அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒப்புதல் படிவத்தில் 'சோதனை முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்படும்' என்று ஒரு வரி உண்டு. அதை வாசித்துக் காட்டியபோது அவர் விழித்தார். புரியும்படி சொல்கிறேன் பேர்வழி என்று நானாக விளக்கம் கொடுத்தேன். "ஏதாவது கோளாறு தெரிஞ்சா நானே நேர்ல வந்து சொல்லிருவேன்க்கா. நான் வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு வச்சுக்கங்க." இதில் இரண்டாவது வாக்கியம் படிவத்தில் கிடையாது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் கிடையாது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் ஆசையில் என் வாயிலிருந்து வந்தது.

மத்தியானம் பன்னிரண்டு குழாய்களோடு பஸ் ஏறினேன். எங்கள் ஆய்வகம் தேனியைத் தாண்டி இருக்கிறது. குச்சனூர்க் கோவிலுக்கு ஆடிச் சனிக்கூட்டம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சின்னமனூருக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. ஒன்றரை மணி நேரம் பஸ் அசையவில்லை. மடியில் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டி என் சுடிதார் நனைந்தது. கண்டக்டர் வேறு, "என்னம்மா, மீனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே சோதனை செய்தேன். பதினோரு பேருக்கு எதிர்பார்த்த மாதிரி அளவுகள் வந்தன. சிலருக்குக் கொஞ்சம் குறைவு, மூன்று பேருக்கு நன்றாகவே குறைவு. நாற்பத்தேழாம் எண்ணுக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கருவியின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மீதி இருந்ததை எடுத்து மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. அவ்வளவு குறைவாக இருந்தால் ஆள் நுரை தள்ளி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். அந்த அக்காவோ பத்துப் பேரை அதட்டிக்கொண்டு கல் மாதிரி நின்றார். ஆகவே ரத்தம்தான் கெட்டிருக்க வேண்டும், ஐஸ்தான் உருகியதே என்று முடிவு கட்டினேன்.

என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். ஒரே பெட்டியில், ஒரே ஐஸில், பக்கத்துப் பக்கத்தில் இருந்த பதினோரு குழாய்கள் கெடவில்லை. அந்த ஒன்று மட்டும் எப்படிக் கெடும்? இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்த நொதி லேசில் கெட்டுப்போகிற ஜாதி இல்லை. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் கிடந்ததற்கெல்லாம் காணாமல் போகாது. அவ்வளவும் தெரிந்துதான் நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து, 'சாம்பிள் பழுது' என்று எழுதினேன். அடுத்த வாரம் என் முன்னேற்றக் கூட்டம் இருந்தது. வரைபடம் அழகாக வர வேண்டும் என்பதுதான் அப்போது என் கவலை.

கூட்டத்துக்கு முன்பே என் கைடு, கோடு கிழிப்பதற்கு முன் நான் போட்டிருந்த வரைபடத்தைப் பார்த்து, "இந்த ஒரு புள்ளி என்னம்மா தனியாக் கிடக்கு?" என்று கேட்டார்.

"ஐஸ் உருகிருச்சு சார். சாம்பிள் கெட்டுப் போச்சு."

"அப்ப எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன். கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது.

நன்றாகவே குறைந்திருந்த அந்த மூன்று பேரைத் தேடி மறு வாரம் தோட்டத்துக்குப் போனேன். கொஞ்ச நாள் மருந்துப் பக்கம் போக வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். அந்த மூவரில் ஒருத்தி நம் அக்காவோடு சேர்ந்து மருந்து கலக்குகிற பெண். அவளிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா எதிரே நின்று தலையை ஆட்டி, "எனக்கு?" என்று சைகையால் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே கையை விரித்துக் காட்டினேன். கெட்டுப்போன சாம்பிளைப் பற்றி அத்தனை பேர் முன்னால் எதற்குச் சொல்ல வேண்டும், அடுத்த தடவை எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தேன். ஒன்றுமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மாசி மாதம் இரண்டாம் சுற்றுக்குப் போனேன். அதே பந்தல், அதே மேசை. இந்தத் தடவை யாரும் வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கொடி கட்டினார்கள். அக்காவைக் காணோம். விசாரித்தபோது, "அது வேலைக்கு வாறதில்ல. வீட்டுல போய்ப் பாரு" என்று ஒருத்தி முகம் பார்க்காமல் சொன்னாள்.

வீடு பக்கத்துத் தெருவில்தான். காலை பதினோரு மணி. முன் கதவு, பின் கதவு, இரண்டு ஜன்னல், எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கதவை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கணவர் எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

கார்த்திகையில் அவருக்குத் திடீரென்று வயிற்றுவலி. குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். மிச்சத்தை அவரே சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஆபரேசன் முடிஞ்சு எனக்கு முழிப்பு வந்திருச்சு, பாப்பா. பேசுறது பூராம் கேக்குது. ஆனா கண்ணத் தொறக்க முடியல. ஒத்த வெரல அசைக்க முடியல. மூச்சு விட முடியல. யாரோ ஒரு காத்துப் பைய அமுக்கி அமுக்கி மூச்சு விட வச்சாக. டாக்டரு சொல்றாரு, இன்னும் மூச்சு வரல, வீட்டுக்காரரக் கூப்பிடுங்கன்னு. இவுக வந்து தலமாட்டுல நின்னு அழுகுறாக. நான் உள்ள இருந்து கத்துறேன், நான் இருக்கேன், இருக்கேன்னு. ஒருத்தருக்கும் கேக்கல."

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போகும் வழியெல்லாம் ஒரு நர்சு அந்தப் பையை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். காலையில் நின்ற மூச்சு சாயங்காலம்தான் தானாக வந்ததாம். பிழைத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து படுப்பதில்லை. படுத்துக் கண்ணை மூடினால் அந்த ஆபரேஷன் மேசை ஞாபகம் வந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். யாராவது கதவைச் சாத்தினால் உடம்பு வியர்த்துக் கொட்டிவிடுகிறது.

அவர் பாதி சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து போடுவார்கள். நான் அளந்துகொண்டிருந்த அதே நொதிதான் அந்த மருந்தைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும். லட்சத்தில் ஒருவர் இருவருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது என்று எங்களுக்கு முதல் வருடமே பாடம். அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது. இந்த ஒரு மருந்து உடம்பில் ஏறினால் மட்டும் மணிக்கணக்கில் கட்டிப்போட்டுவிடும். இதைப் பரீட்சையில் இரண்டு பக்கத்துக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த அக்காவின் ரத்தம் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னது. நான் சிவப்பு மையால் அதன் வாயை அடைத்திருந்தேன்.

"மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி, வியாதி வெக்க ஏதும் உண்டான்னு கேட்டாக" என்றார் அக்கா. "போன ஆடியிலதான் எங்க பாளையத்துப் புள்ள ரத்தம் எடுத்துப் பாத்துச்சு, ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்."

என் முகத்தைப் பார்த்த கணவர் தவறாகப் புரிந்துகொண்டு, "அதுக்கு இந்தப் புள்ள என்ன செய்யும்? அது மருந்து வெசத்தப் பாக்குற டெஸ்ட்டு. அதுல இதெல்லாம் எங்கிட்டுத் தெரியப் போகுது? என்னம்மா, தெரியாதுல்ல?" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்று.

இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. அந்தத் தலையாட்டல்தான் என் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான காரியம். சிவப்புக் கோடாவது அகம்பாவத்தில் கிழித்தது. இது தெரிந்தே சொன்ன பொய். கிளம்பும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். அவருக்கு ஒரே தம்பி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறவர். அவருக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். "நான் பயந்தது பயந்ததுதான், அவனாச்சும் போய்ச் செஞ்சுக்கிறட்டும்னு சொல்லிட்டேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போதுதான் கணக்குப் போட்டேன். பிறவிக் குறை என்றால் கூடப் பிறந்தவருக்கும் இருக்கலாம். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆய்வகத்துக்குப் போய் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'சாம்பிள் பழுது' என்று என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஐந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தா, பெற்ற பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பார்த்துவிட்டு, பிஎச்.டி. படிக்கிற பிள்ளைகளே இப்படித்தான் என்று விட்டுவிட்டார். கைடிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அபூர்வமான கேஸ். ஒப்புதல் வாங்கிட்டா தனிப் பேப்பராவே எழுதலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் பயிற்சியே எங்களை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

ஆறாம் நாள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். ஸ்டூலில் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ரத்தத்தில் தெரிந்தது. நான்தான் தள்ளிவிட்டேன். போன வாரம் தெரியாது என்று சொன்னதும் பொய்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "ஒனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"ரத்தம் எடுத்த அந்த வாரமேக்கா."

ஆடியிலிருந்து கார்த்திகை வரை அவர் மனதுக்குள் எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். கணவர்தான் எழுந்தார். போன வாரம் எனக்காகப் பரிந்து பேசிய மனுஷன், "வெளிய போம்மா. இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்திராத" என்று வாசலைக் காட்டினார். நான் போயிருப்பேன். அக்காதான், "இருங்க. அது இன்னும் முழுசாச் சொல்லி முடிக்கல" என்றார்.

தம்பியைப் பற்றிச் சொன்னேன். அக்காவுக்கு மறுபடி ஒரு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும், தம்பிக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றேன். அக்கா கையை நீட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆடியில் நான் ஊசியை எடுத்தபோது அவர் பேசிய பேச்சும் சிரித்த சிரிப்பும் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை குத்த வேண்டியிருந்தது. அதற்கும் அவர் முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் ஏதோ இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. "அக்கா, அந்தப் புள்ளகிட்டச் சொல்லிரு. எங்க குடும்பத்துல ஒருத்தர் ரத்தம் குடுத்தது போதும். எனக்கு ஆபரேசனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று வைத்துவிட்டார்.

அக்காவின் இரண்டாவது ரத்தத்தை இன்னொரு இடத்திலும் கொடுத்துச் சோதித்தோம். சந்தேகமில்லை, பிறவிக் குறைதான். ஒரு டாக்டரிடம் வாசகம் கேட்டு, இரண்டு அட்டைகள் தயார் செய்தேன். 'இவருக்கு இந்த மருந்து போடக் கூடாது' என்று அக்காவுக்கு ஒன்று. 'இவர் அக்காவுக்கு இந்தக் குறை உண்டு, இவருக்கும் இருக்கலாம், சோதிக்காமல் போட வேண்டாம்' என்று தம்பிக்கு ஒன்று. தம்பி வேலை செய்வது மலைக்கு அந்தப் பக்கம் என்பதால் தமிழ், ஆங்கிலத்தோடு மலையாளத்திலும் எழுதினேன். அத்தா கடைக்கு வருகிற ஒரு கட்டப்பனைக்காரர் பிழை பார்த்துக் கொடுத்தார். தண்ணீர் பட்டாலும் அழியாதபடி உறை போட்டேன்.

கொண்டு போய்க் கொடுத்தபோது, கைடு சொன்ன பேப்பர் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். மறுத்துவிடுவார், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

"அத எழுதுனா ஒனக்குப் பட்டத்துக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆகும்க்கா."

"எழுதிக்க. எம்பேரு போட வேணாம். அதான் நம்பர் குடுத்திருக்கீல்ல, அதையே போட்டுக்க."

அந்தப் பேப்பரை நான் எழுதவில்லை. ஆனால் ஆய்வேட்டில் நாற்பத்தேழாம் எண்ணைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, ஏன் முதலில் நீக்கினேன் என்பதையும் ஒரு பத்தி எழுதினேன். நன்னெறிக் குழுவுக்கும் தெரிவித்தோம். விசாரணை, விளக்கம் என்று பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனது. அந்தத் தோட்டத்தில் இரண்டாம் சுற்று ரத்தம் ஒருவரும் கொடுக்கவில்லை. அக்கா சொன்னதால் கொடுத்தவர்கள், அக்காவுக்கு ஆனதைப் பார்த்தபின் ஏன் கொடுக்க வேண்டும்?

போன வருடம் பட்டம் வாங்கியதும், எந்த முகத்தோடு போவது என்று தயங்கித் தயங்கித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். வாசல் கதவு அப்போதும் திறந்துதான் கிடந்தது. அக்கா டீ போட்டுக் கொடுத்தார். இப்போது பகலில் கொஞ்ச நேரம் படுக்கிறாராம், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால். அவருடைய அட்டை கழுத்துக் கயிற்றில் தொங்கியது. மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தம்பியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"மூட்டதான் தூக்குறான். இடுப்புல பெல்ட்டக் கட்டிக்கிட்டுத் திரியிறான். அட்டையக் குடுத்தேன், வாங்கிக்கிட்டான். பையில வச்சிருக்கானா, ஏலக்காட்டுல விட்டெறிஞ்சானான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நம்ம சொல்லத்தான முடியும், பாப்பா" என்றார்.

அந்தத் தம்பியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்தக் குடலிறக்கம் என்றாவது ஒரு நாள் இறுகிக்கொண்டால் அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். அப்போது அவர் பேச முடிகிற நிலையில் இருப்பாரோ என்னவோ. விடிந்ததும் எஸ்டேட் வேலைக்குக் கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறுவதற்காக ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கும் ஜீப்புகளை பஸ் ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம், அந்த ஆண்களின் சட்டைப்பைகளில் ஓர் அட்டையின் ஓரமாவது தெரிகிறதா என்று என் கண் தேடுகிறது. இத்தனை வருடம் படித்து அளக்கக் கற்றுக்கொண்டவள், முகம் தெரியாத ஒரு மனிதருக்கு வயிற்றுவலி மட்டும் வந்துவிடக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.